நேஷனல் பெர்மிட்

நாமக்கல் என்றதும் ஒருவருக்கு ஆஞ்சநேயர் நினைவுக்கு வருவார், இன்னொருவருக்கு முட்டை. எனக்கு நினைவு வருவது லாரிதான். நேஷனல் பெர்மிட் என்ற ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு காஷ்மீரம் வரை போய்வருகிற லாரி. பாரத ஒற்றுமைக்கு இதைவிடக் கண்கண்ட சாட்சி வேறென்ன வேண்டும் என்று பல தடவை நினைத்ததுண்டு.

சென்ற வருஷம் ராசிபுரத்தை அடுத்த ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். உடன் வந்தவர் லாரி டிரைவர், அந்த ஊர்க்காரர். லூதியானாவில் சர்தார்ஜிகளோடு ஒரே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டி தின்ற கதையை வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஊர் எல்லையில் டீக்கடை. எனக்குக் கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. அவருக்குக் காகிதக் கோப்பையில்.

"கிளாஸ் தீர்ந்துவிட்டதோ?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். பலகையின் மேல் கழுவிக் கவிழ்த்த கிளாஸ்கள் வரிசையாக இருந்தன. கடைக்காரர் பேசவில்லை. டிரைவர்தான் சிரித்தார்.

"பேப்பர் கப்புத்தான் சுத்தமுங்க சார். குடிச்சுப்போட்டு எறிஞ்சுட்டுப் போயிரலாம்" என்றார்.

முன்பெல்லாம் இதற்கென்று தனி டம்ளர் உண்டு. குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். இப்போது கழுவுகிற வேலை மிச்சம். தீண்டாமைக்கும் நாகரிகம் வந்துவிட்டது!

அந்நாளில் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருச்செங்கோட்டுப் பக்கம், புதுப்பாளையத்தில், 1925-லேயே ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். கதர் மட்டுமல்ல, தீண்டாமை ஒழிப்பும் அங்கே வேலையாக இருந்தது. 1947-க்குப் பின் 500-க்கு மேற்பட்ட சமஸ்தானங்களைப் பட்டேல் ஒன்றாக இணைத்தார். 1950-ல் அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமை ஒழிந்தது என்றது. சமஸ்தானங்கள் சேர்ந்துவிட்டன, ஊரும் சேரியும் சேரவில்லை.

ஜெர்மனியில் 1989-ல் பெர்லின் சுவர் விழுந்தது; மறு வருஷம் இரண்டு நாடும் ஒன்றாயின. ஆனாலும் மண்டைக்குள் நிற்கும் சுவரைப் பற்றி அவர்கள் பேசாமல் இல்லை. அவர்களுடைய சுவர் நின்றது 28 வருஷம். நம்முடையதற்கு வயது சொல்ல யாரும் இல்லை.

'அங்கே நீர் என்ன செய்தீர்?' என்று கேட்பீர்கள். 'எனக்கும் காகிதக் கோப்பையிலேயே கொடுங்கள்' என்று கிளாஸைத் திருப்பி வைத்திருக்கலாம். என் கதையில் வருகிறவன் வைத்திருப்பான். நான் குடித்து முடித்தேன். காசும் நானே கொடுத்தேன்.

இரண்டு டீக்கும் ஒரே விலைதான்.