எதிர்க்காற்று

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிற்பகலில், எண்ணூர்ப் பள்ளியிலிருந்து எர்ணாவூருக்கு மிதிவண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். கடற்காற்று முகத்தில் அறைந்தது. சரக்கு லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிக் கால்கள் சோர்ந்தன. ஆலைச் சீருடை அணிந்த ஒருவர் முந்தி வந்து, “சார், என் பின்னாலேயே வாங்க” என்றார். அவர் முதுகின் மறைவில் காற்றுத் தணிந்தது.

அந்த மறைவைப் பிறருக்குத் தருவதையே தொழிலாகக் கொண்டவர் யுகியா அராஷிரோ. 1984இல் ஜப்பானின் இஷிகாகித் தீவில் பிறந்தவர். மூன்று வாரங்கள், 21 கட்டங்கள் கொண்ட பிரான்ஸ் சுற்றுப் போட்டியை 2009இல் அவரும் ஃபுமியுகி பெப்புவும் முழுமையாக முடித்தனர். அதற்குமுன் எந்த ஜப்பானியரும் அதனை முடித்ததில்லை. இரண்டாம் கட்டத்தில் ஐந்தாமவராக வந்த அராஷிரோவுக்கு இறுதிப் பட்டியலில் 129ஆம் இடம். அந்த எண்ணை வைத்து அவரை அளப்பது பிழை என்பேன். தலைமை வீரருக்காகக் காற்றைத் தாம் ஏற்பதும், பின்வரும் காரிலிருந்து தண்ணீர்க் குப்பிகளைச் சட்டைக்குள் திணித்து வந்து தோழர்களுக்குத் தருவதும் அவர் பணி. பரிசு மேடையில் நிற்பவர் வேறொருவர்.

எர்ணாவூர் வந்ததும் ஆலைத் தொழிலாளி வண்டியைத் திருப்பினார். அவர் வீடு கத்திவாக்கத்திலாம். எனக்காக அதனைக் கடந்து வந்திருக்கிறார். நான் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.