சாரலும் வர்ணமும்

குற்றாலச் சாரலைப் போற்றாத தமிழர் இலர். ஆனி, ஆடித் திங்கள்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்றுப் புகுந்து வர, வெயிலும் தூறலும் ஒன்றையொன்று துரத்தி விளையாடும் அந்நாள்களைக் காணப் பல ஊர்களினின்றும் மக்கள் திரள்கின்றனர். தென்காசியிற் பிறந்த யானும் அச்சாரலில் நனைந்து வளர்ந்தவனே. எனினும் சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையின் இறுதியில் அதனை மனமார வெறுத்தேன். அஃது ஏன் என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் வீட்டின் பின்புறத்து ஓட்டுக் கொட்டகையில் ஓர் அம்பாசடர் மோட்டார் வண்டி நிற்கிறது. அது 1968-ஆம் ஆண்டினது; 'மார்க் 2' என்னும் வகையைச் சார்ந்தது. ஆங்கில நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடியொற்றி, கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1950-களின் இறுதியில் செய்யத் தொடங்கிய இவ்வகை வண்டி, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோயிற்று. என் பாட்டனார் அவ்வண்டியை நெடுங்காலம் வாடகைக்கு ஓட்டினார். பருவ நாள்களில் தென்காசிப் புகைவண்டி நிலையத்தில் இறங்குவோரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்திற்கு ஏற்றிச் செல்வார். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எனச் சுற்றிக் காட்டி மாலையில் திரும்புவார். அவ்வருவாய் கொண்டே என் தந்தையார் கல்வி கற்றார்.

பாட்டனாரைக் கண் நீர் அழுத்த நோய் பற்றியது. ஒரு கண் முற்றும் இருண்டது. மற்றதன் பார்வையும் ஓரங்களினின்று சுருங்கி வந்தது. இழந்த பார்வை மீளாதென்றும், எஞ்சியதைக் காக்கவே மருந்து என்றும் மருத்துவர் உரைத்தனர். துருவேறிய வண்டியைப் பழைய இரும்புக் கடைக்கு விற்றுவிடலாம் எனத் தந்தையார் கூறினார். யான் ஒரு விடுமுறைக்காலம் தவணை கேட்டேன். பட்டறையிற் கேட்ட கூலி என் ஓராண்டுக் கட்டணத்தினும் மிகுதியாயிருந்தமையின், வர்ணம் பூசும் வேலையை யானே செய்யத் துணிந்தேன். பாட்டனாருக்குக் கண்ணொளி இருக்கும்போதே வண்டியை அதன் முதல் நிறத்தில் காட்டிவிட வேண்டும் என்பதே என் ஆவல்.

சித்திரை முழுதும் தேய்ப்பதிலேயே கழிந்தது. 80-ஆம் எண் தாளில் தொடங்கி, 180, 320 எனப் படிப்படியாக நயமான தாளுக்கு ஏற வேண்டும். தேய்க்கத் தேய்க்க, மரத்தின் வயதைக் காட்டும் வளையங்களைப்போல வர்ணங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக வெளிப்பட்டன: மேலே வெள்ளை, அதன் கீழே கறுப்பு, அதற்கும் கீழே வெளிறிய நீலம். கதவுக் கீலின் மறைவில் வெயில் படாது பிழைத்திருந்த அந்நீலமே, பாட்டனார் முதன்முதல் ஓட்டிய நாளில் இருந்த நிறம்.

பள்ளங்களுக்குப் பட்டி வைத்துத் தேய்த்தபின், "தாத்தா, சமமாகிவிட்டது" என்றேன். அவர் எழுந்து வந்து உள்ளங்கையைத் தகட்டின்மேல் மெல்ல ஓடவிட்டு, "இங்க ஒரு மேடு இருக்குலே" என்றார். என் கண்ணுக்கு ஒன்றும் புலப்படவில்லை. கையை வைத்துப் பார்த்தபோதே மேடு தெரிந்தது. தேர்ந்த பெயிண்டர்களும் கண்ணினும் கையையே மிகுதியும் நம்புவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அன்று முதல் அவரே என் மேற்பார்வையாளரானார்.

இனி வர்ணத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதன்மேல் பூசிய வர்ணம் உலரப் பல நாள்கள், சில வேளை வாரங்களே ஆயின. 1920-களில் அமெரிக்க நாட்டு டூபாண்ட் நிறுவனத்தார் 'டூகோ' என்னும் நைட்ரோசெல்லுலோஸ் வர்ணத்தைக் கொணர்ந்தபின் அத்தாமதம் நீங்கிற்று. நம் பட்டறைகளில் இன்றும் 'டூகோ பெயிண்டு' என வழங்குவது அப்பெயரின் எச்சமே. இக்காலத்து இருகூட்டு வர்ணம் இதனினும் உறுதியானது. ஆயினும் அதன் கடினமாக்கியிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கொடியதாதலின், தூய காற்றைக் குழாய்வழித் தரும் முகமூடியின்றி அதனைத் தெளித்தல் கூடாது. அத்தகைய கருவி எம்மிடம் இல்லை. ஆதலின் பழைய வகையையே தேர்ந்து, கரி வடிகட்டியுள்ள முகமூடி அணிந்து, அடுப்பெரியாத வேளை பார்த்து வேலை செய்தேன். கொட்டகையைச் சுற்றிப் பழைய வேட்டிகளைத் திரையாகக் கட்டினேன். புழுதி அடங்கத் தரையில் நீர் தெளித்தேன். தெளிப்பானைத் தகட்டினின்று ஒரு சாண் தொலைவில் பிடித்து, கை வளையாமல் நேர்கோட்டில் நகர்த்தி, ஒவ்வொரு பூச்சும் முன்னதன் பாதியை மூடுமாறு செலுத்தப் பழகினேன்.

கதவுகள் நன்கு அமைந்தன. மேற்கூரையும் முன்மூடியும் எஞ்சியிருந்தபோது சாரல் தொடங்கிவிட்டது. கல்லூரி திறக்க நான்கு நாள்களே இருந்தன. "பொறுலே, சாரல் நிக்கட்டும்" என்றார் பாட்டனார். அடுத்த விடுமுறைவரை அவர் கண் பொறுக்குமா என்னும் அச்சத்தை அவரிடம் எங்ஙனம் கூறுவேன்? கொட்டகைக்குள் மழை விழவில்லையே என்று என்னையே தேற்றிக்கொண்டு, மறுநாட் காலை தெளித்து முடித்தேன்.

கால் மணி நேரத்திற்குள் நீலத்தின்மேல் பால் தெளித்தாற்போல் வெண்மை படர்ந்தது. குளிர்ந்த நீர் நிரம்பிய செம்பின் புறத்தே நீர் அரும்புவதை யாவரும் அறிவோம். அதுவே இங்கும் நிகழ்ந்தது. வர்ணத்திலுள்ள தின்னர் விரைந்து ஆவியாகையில் தகட்டின் வெப்பத்தைக் கவர்கிறது; தகடு குளிரவே, சாரற்காற்றின் ஈரம் அதன்மேற் படிந்து வர்ணத்துள் சிக்கிக்கொள்கிறது. தகட்டின் வெப்பம் பனி படியும் நிலையினும் 3 பாகை செல்சியஸேனும் மிகுந்திருத்தல் வேண்டும் என்பது வர்ணத் தொழிலார் கொண்ட விதி. மெதுவாக உலரும் தின்னரும் உண்டு. அதனைச் சேர்த்திருப்பின் தீங்கு குறைந்திருக்கும். இவற்றையெல்லாம் கெடுத்த பின்னரே கற்றேன்.

பாட்டனாரிடம் மறைக்க எண்ணினேன், இயலவில்லை. அவர் விரலால் தடவிப் பார்த்து, யாதொன்றும் கடிந்துரையாமல், "சித்திர சபையைப் பாத்திருக்கியா?" என்று மட்டும் கேட்டார். குற்றாலத்தில் சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த அச்சபையின் வாயிலில் எத்துணையோ பேரை இறக்கிவிட்டவர் அவர். "அதையும் இதே சாரல் ஊர்லதான் வரைஞ்சான். வெயிலுக்குக் காத்திருந்திருப்பான்லா" என்றார். யான் தலைகவிழ்ந்து நின்றேன்.

புரட்டாசியில் கிடைத்த சில விடுமுறை நாள்களில் ஊர் சென்று, கெட்ட பூச்சினை அடிவரை தேய்த்தெடுத்து, காற்றடங்கிய வறண்ட காலைப்பொழுதில் மீண்டும் தெளித்தேன். வெண்மை படரவில்லை. இரண்டு நாள் உலரவிட்டு மெருகேற்றியபின், பாட்டனாரைக் கைப்பிடித்து அழைத்து வந்து வெயிலில் நிறுத்தினேன். அதற்குள் அவர் பார்வை இன்னும் குன்றியிருந்தது. முன்மூடியைக் கையால் தடவினார். முகத்தை அதனருகே கொண்டுசென்று நெடுநேரம் நின்றார். பிறகு, "அதே நீலந்தான்" என்றார்.

அவர் கண்டு சொன்னாரா, என் மனம் நோகலாகாதெனச் சொன்னாரா என்பதை யான் கேட்கவில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. அன்று மாலை தந்தையார் வண்டியைச் செலுத்த, பாட்டனார் முன்னிருக்கையில் அமர, குற்றாலம் சென்றோம். வழியில் ஒவ்வொரு வளைவையும் அது வருமுன்னரே அவர் கூறிக்கொண்டு வந்தார், ஒன்றும் தவறவில்லை. பேரருவியின் ஓசை கேட்டதும் கண்ணாடியை இறக்கச் சொன்னார். நீர் குறைந்திருந்த அருவியினின்றும் சிறு திவலைகள் காற்றில் வந்து புதிய நீலத்தின்மேல் அமர்ந்தன. யான் துடைக்கக் கையை நீட்டினேன். "விடுலே, இப்ப ஒண்ணும் செய்யாது" என்றார் அவர்.