எந்தப் பக்கத்து ரத்தம்?

ஒரு குழந்தைக்குத் தீராத நோய் என்று தெரிந்ததும் நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி, அது என்ன நோய் என்பதன்று. எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதுதான். மூக்கையும் பிடிவாதத்தையும் கணக்குப் புத்தியையும் பங்கு பிரித்துப் பழகியவர்கள் நோயையும் அப்படியே பிரிக்கிறார்கள். நல்லவை பெரும்பாலும் தந்தைவழி. அல்லவை வாழ வந்தவளின் வழி.

1986இல், என் ஒன்பதாவது வயதில், எனக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அதற்கு முந்தைய ஒரு மாதம் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தேன்; இரவில் படுக்கையை நனைத்தேன்; விலா எலும்பு தெரிய மெலிந்தேன். மூச்சு வாங்கி மயங்கிய பிறகே சிறுநீரைச் சோதித்தார்கள். அப்பாவின் குடும்பத்தில் எவருக்கும் சர்க்கரை கிடையாது. அம்மாவைப் பெற்ற ஆச்சிக்கு ஐம்பது வயதுக்குமேல் அது வந்திருந்தது. வேறு சாட்சி யாருக்கும் தேவைப்படவில்லை. ‘உன் வீட்டுச் சீதனம்’ என்று அத்தை ஒருமுறை சொன்னார். அம்மா பதில் பேசவில்லை. கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பது, இன்சுலின் குப்பியை மண்பானைக்குள் குளிர்ச்சியாகக் காப்பது, வேளைக்கு அளந்து சோறு போடுவது எல்லாவற்றையும் தனக்கு விதிக்கப்பட்ட தண்டனையை அனுபவிப்பவளைப் போலச் செய்துவந்தாள்.

அந்தச் சாட்சியம் பிழையானது. ஆச்சிக்கு இருந்தது இரண்டாம் வகை. இன்சுலினுக்கு உடல் சரிவர இணங்காமல் போவதில் தொடங்குவது. எனக்கு இருப்பது தன்னுடல் தாக்கு நோய். கணையத்தில் தீவுக்கூட்டங்களைப் போலச் சிதறிக் கிடக்கும் செல் திட்டுகளை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற ஜெர்மானிய மாணவர் விவரித்தார். இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் அத்திட்டுகளில்தான் இருக்கின்றன. அவற்றை அந்நியர் என்று எண்ணி நம் நோய் எதிர்ப்பு மண்டலமே அழிக்கிறது. இரண்டு நோய்களும் ஒரே பெயரைச் சுமப்பதால் வந்த குழப்பத்துக்கு என் அம்மா பல ஆண்டுகள் விலை கொடுத்தாள்.

ஆனால் முதல் வகைக்கும் பரம்பரைக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது. அந்தத் தொடர்பின் தன்மைதான் நாம் நினைப்பதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது.

இந்நோயின் மரபணு அபாயத்தில் ஏறத்தாழப் பாதி, ஆறாவது குரோமோசோமில் எச்.எல்.ஏ. என்று அழைக்கப்படும் பகுதியில் இருக்கிறது. அங்குள்ள மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களின் வேலை, செல்லுக்குள் கிடைத்த புரதத் துணுக்குகளை ஏந்தி வெளியே காட்டுவது. டி செல்கள் வந்து பார்த்து, இது நம்முடையது, இது அந்நியம் என்று முடிவு செய்கின்றன. ஏந்தும் தட்டின் வடிவம் மாறினால் அதில் பொருந்தும் துணுக்கும் மாறும். பார்வையிட வந்தவரின் முடிவும் மாறக்கூடும். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் இந்தப் புரதங்களுள் ஒன்றின் 57ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் இருக்கிறது என்பதே அபாயத்தைப் பெரிதும் மாற்றுகிறது என்று 1987இல் ஜான் டாட், ஜான் பெல், ஹியூ மெக்டெவிட் ஆகியோர் எழுதினார்கள். இன்னும் பல மரபணுக்களுக்குச் சிறு பங்குகள் உண்டு. அவற்றுள் ஒன்று 11ஆம் குரோமோசோமில் உள்ள இன்சுலின் மரபணுவே. டி செல்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பியில் இன்சுலின் எவ்வளவு காட்டப்படுகிறது என்பதை அதன் வகை தீர்மானிக்கிறது. அங்கே போதிய அறிமுகம் கிடைக்காத ஒன்றைப் பின்னாளில் அந்நியம் என்று கருதும் வாய்ப்பு கூடுகிறது.

எச்.எல்.ஏ. வகைகளுள் டிஆர்3, டிஆர்4 என்ற இரண்டு மிகவும் அறியப்பட்டவை. இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் டிஆர்3இன் பங்கே முதன்மையாகத் தெரிகிறது. ஐரோப்பிய வம்சாவளிக் குழந்தைகளில் மிக அதிக அபாயம், இவ்விரண்டையும் ஒருசேரப் பெற்றவர்களுக்கு. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆறாவது குரோமோசோம் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று வருகிறது. டிஆர்3 ஒருவரிடமிருந்தும் டிஆர்4 மற்றவரிடமிருந்தும் வந்தால்தான் அந்தச் சேர்க்கை அமையும். நோயில்லாமல் வாழ்ந்த இரண்டு குடும்பங்கள் ஒரு குழந்தையில் சந்திக்கின்றன. ‘எந்தப் பக்கம்’ என்ற கேள்விக்கு அங்கே பொருளே இல்லை.

எண்களும் அதையே சொல்கின்றன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. அவ்விரு வகைகளையும் ஒருசேரக் கொண்ட குழந்தைகளில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு வருகிறது. 19 பேருக்கு வருவதில்லை. புதிதாக நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு நெருங்கிய உறவில் எவருக்கும் அது இருந்ததில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்து, மற்றவருக்குப் பல்லாண்டுகள் வராமலே இருப்பதும் உண்டு. மரபணு அவ்வளவும் ஒன்றாக இருந்தும் விளைவு ஒன்றாக இல்லை.

உலகில் இந்நோய் மிகுதியாகக் காணப்படும் நாடு ஃபின்லாந்து. அதன் கிழக்கு எல்லைக்கு இருபுறமும் கரேலியா என்ற நிலப்பகுதி விரிந்திருக்கிறது. அபாய எச்.எல்.ஏ. வகைகள் இருபுறத்து மக்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் உள்ளன. ஆயினும் ரஷ்யப் பக்கத்தைவிட ஃபின்லாந்துப் பக்கத்துக் குழந்தைகளிடம் நோய் ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகம் என்று 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் சூழலில் இருக்கிறது. அது எது என்பது இன்றுவரை முழுதாகப் பிடிபடவில்லை. பசும்பால் புரதத்தின் மீது நெடுங்காலம் ஐயம் இருந்தது. அதைச் சிதைத்துத் தயாரித்த பாலூட்டுப் பொடி நோயைக் குறைக்கவில்லை என்று 2018இல் ஒரு பன்னாட்டு ஆய்வு முடிவு சொன்னது. புட்டிப்பால் கொடுத்ததால், இனிப்பு கொடுத்ததால் என்று தாய்மாரைக் குத்திக்காட்டுவோர் இதையும் படிக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில் இவற்றையெல்லாம் காகிதத்தில் வரைந்து அம்மாவிடம் விளக்கினேன். இரண்டு கோடுகள், ஒன்று அவளுடையது, ஒன்று அப்பாவுடையது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ அவுகளுக்கும் இதுல பங்கு உண்டாய்யா?” என்று கேட்டாள். “சமபங்கு உண்டும்மா” என்றேன். சிரித்தாள். பிறகு, “இப்போ சொல்லி என்ன, அவுக போய்ச் சேர்ந்தாச்சே” என்றாள். அப்பா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அவளைக் குறை சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது தடுத்ததும் இல்லை.

இப்போது இந்தக் கணக்கு வேறு வடிவத்தில் என் முன் நிற்கிறது. தாமதமாக மணந்தவன் நான். மகளுக்கு ஐந்து வயது. தாய்க்கு இந்நோய் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று. தந்தைக்கு இருந்தால் ஏறத்தாழ ஆறு. இம்முறை பக்கம் எது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

ஃபின்லாந்தில் 1994 முதல் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் எச்.எல்.ஏ. வகையைப் பார்த்து, அபாயம் கூடிய குழந்தைகளைப் பெற்றோர் இசைவுடன் தொடர்ந்து கண்காணிக்கிறார்கள். 2004இல் தொடங்கிய டெட்டி என்ற ஆய்வு நான்கு நாடுகளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சிசுக்களைச் சோதித்து, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. 2023இல் இத்தாலி, குழந்தைகளிடம் இந்நோயின் முன்னறிகுறியை நாடு முழுவதும் தேடுவதற்கென்று சட்டமே இயற்றியது.

“தெரிஞ்சுக்கிட்டு என்னங்க செய்யப் போறோம்? இல்லாத நோய்க்கு இப்பவே அழணுமா?” என்றாள் மனைவி. நியாயமான கேள்வி. மரபணுச் சோதனையைப் பொறுத்தவரை எனக்கும் அதே எண்ணம்தான். நூற்றுக்கு ஆறு என்பது பத்தாகவோ ஒன்றாகவோ மாறலாம். அது கூட்டத்தைப் பற்றிய எண். என் மகள் என்ற ஒருத்தியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஆன்டிபாடி சோதனை வேறு. அது, வரக்கூடுமா என்பதைக் கேட்பதில்லை. தாக்குதல் தொடங்கிவிட்டதா என்பதைக் கேட்கிறது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஆன்டிபாடிகள் இருந்த குழந்தைகளில் பத்தாண்டுகளுக்குள் பத்தில் ஏழு பேருக்கு நோய் வெளிப்பட்டது என்று 2013இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. அப்படித் தெரிந்திருக்கும் வீடுகளில் குழந்தை மயங்கி விழுந்த பிறகு நோயைக் கண்டுபிடிக்கும் நிலை வெகுவாகக் குறைகிறது. டெப்லிசுமாப் என்ற மருந்து நோய் வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டாண்டுகள் தள்ளிப்போட்டதாக 2019இல் முடிவுகள் வந்தன. 2022 நவம்பரில் எட்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு அமெரிக்கா அதற்கு ஒப்புதல் அளித்தது. அதன் விலை நம் போன்றவர்களுக்கு எட்டாது. ஆனால் மயங்கி விழாமல் காப்பதற்குப் பெரும் செலவு இல்லை. அந்த மூச்சு வாங்கல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மனைவியிடம் அதைத்தான் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டாள்.

வரும் தை மாதம் மகளுக்கு ஆறு வயது நிறைகிறது. அப்போது ரத்தம் கொடுக்கப் போகிறோம். ஒன்றுமில்லை என்று வந்தாலும் அது அன்றைய நாளுக்கான பதில்தான். ஆகவே அவளுடைய வகுப்பாசிரியையிடம் மூன்று செய்திகளைச் சொல்லி வைத்திருக்கிறேன்: அடிக்கடி தண்ணீர் கேட்டால், அடிக்கடி கழிப்பறைக்குப் போனால், காரணமின்றி மெலிந்தால் அன்றே எங்களை அழையுங்கள். அவர் அதை வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில் குறித்துக்கொண்டார். பிறகு, வகுப்பில் மற்ற நாற்பது குழந்தைகளுக்கும் இதைக் கவனிக்கலாம்தானே என்று கேட்டார். கவனிக்கத்தான் வேண்டும். நோய் வரும் குழந்தைகளில் பெரும்பாலோர், குடும்பத்தில் என்னைப் போல் ஒருவரும் இல்லாத அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள்.