மக்காச்சோளக் களஞ்சியத்தில் மூண்ட தீ

மெக்சிகோவின் குவானஹுவாத்தோ வெள்ளிச் சுரங்கங்களால் வளர்ந்த ஊர். மலைப் பள்ளத்தாக்கில் நெளிந்தோடும் அதன் தெருக்களுக்கு நடுவே, மூடிவைத்த கல்பெட்டி போல நிற்கிறது 'ஆலோந்திகா தெ கிரனதீத்தாஸ்'. வெளிச்சுவரில் பெரிதாக அலங்காரம் இல்லை. கைக்கெட்டாத உயரத்தில் சிறு சிறு சன்னல்கள். கோட்டை என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அது மக்காச்சோளம் சேமிக்கக் கட்டிய களஞ்சியம். 1785-86 பஞ்சத்தில் அந்த வட்டாரம் பட்ட பாடு மறக்கக்கூடியதல்ல. அந்த நினைவோடு 1798-ல் தொடங்கிய கட்டுமானம் 1809-ல் முடிந்தது. கட்டுவித்தவர் மாகாண ஆளுநர் ஹுவான் அந்தோனியோ ரியான்யோ; ஸ்பெயினில் பிறந்தவர், படிப்பாளி.

அன்று மெக்சிகோ ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சிமீது அங்கே இருந்த கோபம் ஒன்றல்ல, இரண்டு. மெக்சிகோவிலேயே பிறந்த வெள்ளையர்களான கிரியோயோக்களுக்கு உயர்பதவி எட்டாக்கனி; அதெல்லாம் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கே. 1804-ல் அரசு வேறொரு அடியும் கொடுத்தது. அந்நாட்டில் நிலத்தை ஈடாக வைத்துத் திருச்சபையிடம் கடன் வாங்குவதே வழக்கம். ஐரோப்பியப் போர்களால் கஜானா காலியான மன்னர், அந்தக் கடன்களையெல்லாம் வசூலித்துப் பணத்தை ஸ்பெயினுக்கு அனுப்பச் சொன்னார். பண்ணையார்களும் வியாபாரிகளும் ஆடிப்போனார்கள். தொலோரெஸ் ஊரின் பங்குத்தந்தை மிகேல் இதால்கோவின் நிலமும் அதில் சிக்கியது.

ஏழைகளின் கோபம் வேறு. பழங்குடியினர் தலைவரி கட்டியாக வேண்டும். 1808, 1809-ல் மழை பொய்த்தது. மக்காச்சோளத்தின் விலை பல மடங்கு ஏறியது. அதே 1808-ல் நெப்போலியன் ஸ்பெயின் மன்னர் ஃபெர்னாந்தோவைச் சிறைப்பிடித்தான். மன்னர் இல்லாதபோது ஆட்சி யாருக்கு என்று மெக்சிகோ நகர மன்றம் கேட்டது. மன்றத்தின் பக்கம் சாய்ந்த வைஸ்ராயையே ஸ்பானிய வணிகர்கள் இரவோடு இரவாகக் கைதுசெய்து பதில் சொன்னார்கள். சட்டத்தைப் பேசி உரிமை கேட்கலாம் என்றிருந்தவர்களை ரகசியக் கூட்டங்களுக்குத் தள்ளிய இரவு அதுதான் என்பேன்.

கெரேதாரோ நகரில் நடந்த, இதால்கோவும் சேர்ந்திருந்த அப்படியொரு சதி அம்பலமானதும், 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் அவர் மணியடித்து மக்களைத் திரட்டினார். மன்னர் ஃபெர்னாந்தோ வாழ்க என்ற முழக்கத்தோடும் குவாதலூப்பே மாதாவின் படத்தோடும்தான் அந்தப் புரட்சி புறப்பட்டது. கவணும் ஈட்டியுமாகக் கிளம்பிய சில நூறு பேர், பன்னிரண்டு நாளில் குவானஹுவாத்தோவை அடைந்தபோது பல்லாயிரமாகப் பெருகியிருந்தார்கள்.

ரியான்யோ நகரைக் கைவிட்டார். ஸ்பானியக் குடும்பங்களையும் அரசின் வெள்ளியையும் ஆவணங்களையும் இரவில் களஞ்சியத்துக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். பஞ்சத்துக்கென்று கட்டிய கட்டடம் பணக்காரர்களின் பெட்டகமானதை ஊர் முழுக்கப் பார்த்தது. தலைவரி ரத்து என்று அவர் கடைசி நேரத்தில் அறிவித்தார், எவரும் மதிக்கவில்லை. அதே சலுகையை ஓராண்டு முன்பு, மக்காச்சோள விலை ஏறியபோது அறிவித்திருந்தால்?

செப்டம்பர் 28 காலையில் இதால்கோ சரணடையச் சொல்லிக் கடிதம் அனுப்பினார். இருவரும் பழைய நண்பர்கள். ரியான்யோவின் குடும்பத்துக்குப் பாதுகாப்புத் தருவதாகவும் எழுதியிருந்தார். மறுத்த ரியான்யோ சண்டை தொடங்கிய சற்று நேரத்தில் குண்டடிபட்டு இறந்தார். வெள்ளியைப் பிரிக்கப் பயன்படும் பாதரசத்தின் இரும்புக் குடுவைகளில் வெடிமருந்தை அடைத்து, உள்ளிருந்தவர்கள் கூட்டத்தின்மேல் வீசினார்கள். பீபிலா என்ற சுரங்கத் தொழிலாளி முதுகில் கற்பலகையைக் கட்டிக்கொண்டு தவழ்ந்துபோய் மரக்கதவுக்குத் தீவைத்தான் என்பது ஊர்க்கதை. அப்படி ஒருவன் இருந்தானா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டையிடுகிறார்கள். ஊரோ அவனுக்கு மலைமேல் பெரிய சிலையே வைத்துவிட்டது. கதவு எரிந்தது மட்டும் கதையல்ல. உள்ளே நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். பிறகு நகரம் சூறையாடப்பட்டது.

இரண்டு கோபங்களும் சேர்ந்து அந்தக் கதவை உடைத்தன. உடைத்த கையோடு பிரிந்தன. கிரியோயோ குடும்பங்கள் பல அன்றே கிலிபிடித்து அரசின் பக்கம் சாய்ந்தன. ஊரிலிருந்து இதையெல்லாம் பார்த்த பதினேழு வயது லூகாஸ் அலமான், பின்னாளில் மெக்சிகோவின் பெரிய வரலாற்றாசிரியரானார், பழமைவாதிகளின் தலைவருமானார். அவர் எழுதிய வரலாற்றில் அந்த நாளின் அச்சம் தணியவே இல்லை.

1811-ல் இதால்கோவும் தளபதிகள் அயெந்தே, அல்தாமா, ஹிமேனெஸ் ஆகியோரும் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நால்வரின் தலைகளும் இரும்புக் கூண்டுகளில் களஞ்சியத்தின் நான்கு மூலைகளில் பத்தாண்டுகள் தொங்கின. அவற்றை இறக்கியது 1821-ல். அந்த ஆண்டு விடுதலையை முடித்துவைத்தவர் அகுஸ்தீன் தெ இதுர்பிதே: புரட்சிக்காரர்களை ஆண்டுக்கணக்கில் வேட்டையாடிய கிரியோயோ தளபதி. ஸ்பெயினில் தாராளவாதிகள் ஆட்சிக்கு வந்ததும், திருச்சபையும் படையும் தம் சலுகைகள் பறிபோகும் என்று பயந்தன. அந்தப் பயம்தான் இன்னும் காட்டில் போராடிக்கொண்டிருந்த புரட்சித் தலைவர் குரேரோவோடு இதுர்பிதேயைக் கைகோக்க வைத்தது. மறு ஆண்டே இதுர்பிதே தன்னைப் பேரரசனாக்கிக்கொண்டார்.