கண் திறப்பு

கோயில் சிலைக்குச் சிற்பி கண் திறப்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு. நாங்கள் ரோபோ செய்யப் புகுந்தபோதோ, கண்ணைப் பற்றிய வழக்குத்தான் முதலில் எழுந்தது.

இயற்பியல் துறையும் கணினித் துறையுமாக நாங்கள் ஐந்து பேர். தரையில் கிடக்கும் சிவப்புப் பந்தைத் தானே கண்டுபிடித்து, அதன் அருகே சென்று நிற்கும் ஒரு சிறு வண்டி. அதுவே எங்கள் இலட்சியம். கையிலிருந்த பணமோ டீச் செலவில் மிச்சம் பிடித்தது. "ரோபோவெல்லாம் பொறியியல் கல்லூரிக்காரர்கள் வேலையப்பா" என்று சிரித்தவர்களும் உண்டு.

எங்களுக்குள் மூன்று கட்சிகள். மடிக்கணினியையே வண்டியின் முதுகில் ஏற்றலாம் என்றான் ஒருவன். அந்த எடையை இழுக்கப் பெரிய மோட்டார் வேண்டும். மோட்டாருக்குப் பெரிய பாட்டரி வேண்டும். பாட்டரியின் எடைக்கு மறுபடியும் மோட்டார்! இன்னொருவன் 2019-இல் வெளிவந்த ஜெட்சன் நானோவைச் சொன்னான். 128 கோர்கள் கொண்ட வரைகலைச் செயலி அதில் உண்டு. மூன்றாவது கட்சி, அதே ஆண்டு வந்த ராஸ்பெரி பை 4.

"எது உயர்ந்தது?" என்று கேட்டவரை வழக்குத் தீரவில்லை. "நம் வண்டி எதைப் பார்க்க வேண்டும்? எவ்வளவு விரைவில் பார்க்க வேண்டும்?" என்று கேட்டபோதுதான் வழி பிறந்தது. காகிதமும் பென்சிலும் எடுத்தோம்.

640-க்கு 480 அளவுள்ள படத்தில் 3,07,200 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். வினாடிக்கு 30 படங்கள் என்றால், சுமார் 2 கோடியே 76 லட்சம் எண்கள்! படத்தை 320-க்கு 240 எனச் சுருக்கினால் இவ்வேலை நான்கில் ஒன்றாகிவிடும். ஒரு பந்தைக் காண அது போதாதா?

அடுத்தது வேகம். வண்டி வினாடிக்கு அரை மீட்டர் ஓடும். பார்த்து முடிவு சொல்ல வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆனால், அதற்குள் 5 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். எங்கள் வேலைக்கு அது பொறுக்கத் தக்கதே. 1979-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு வண்டி, நாற்காலிகள் நிறைந்த ஓர் அறையைத் தன் காமிராக் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கடக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. இன்று உள்ளங்கை அளவுப் பலகை ஒன்று எங்களுக்குப் போதுமென்றால், அது காலம் தந்த கொடையன்றோ?

மென்பொருளும் அப்படியே. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்க வேண்டிய நரம்பு வலைப்பின்னல் எங்களுக்குத் தேவைப்படவில்லை. 1999-இல் இன்டெல் நிறுவனத்தில் தொடங்கப்பட்ட ஓப்பன்சிவி இலவசமாகவே கிடைக்கிறது. அது நிறத்தையும் ஒளிர்வையும் தனித்தனியே பிரித்துத் தரும். ஆகவே நிழல் விழுந்தாலும் பந்தின் சிவப்பை அடையாளம் காண்பது எளிது. நிற வட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் சிவப்பு இருப்பதால், இரண்டு எல்லைகளிலும் தேடச் சொன்னோம். காமிரா தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்திக்கொள்ளும் வசதியை நிறுத்தினோம்; இல்லையேல் சன்னல் பக்கம் திரும்பியதும் பந்தின் நிறம் மாறிவிடும். சிவப்புத் திட்டுகளில் பெரியது எதுவோ அதுவே பந்து. அது படத்தின் இடப்பக்கம் இருந்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும்.

பூனையையும் நாயையும் வேறு பிரித்தறியும் வேலை நாளை வந்தால், ஜெட்சன் கேட்ட நண்பனின் கட்சியே வெல்லும். அதை அவனிடமும் சொல்லிவிட்டோம். இன்றைய வேலைக்கு ராஸ்பெரி பை போதும் என்று அவனும் ஒப்பினான்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். வண்டி பந்தின் அருகே போய் நின்ற மாலையில், சிரித்தவர்களும் வந்து கைதட்டினார்கள். விலையுயர்ந்த கருவிகள் நம் கல்லூரியில் இல்லாமல் இருக்கலாம். அளந்து பார்க்கக் காகிதமும் பென்சிலும் எல்லாத் துறைகளிலும் இருக்கின்றன, நண்பர்களே!