ஏழும் பதினேழும்

பரணில் இருந்த பழைய கோர்ட் டைரிகளைப் போன வாரம் பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். வக்கீலாக இருந்த காலத்து டைரிகள், வருடத்துக்கு ஒன்று. 1986-ஆம் வருட டைரியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரி காரணம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

கோர்ட் படி ஏறியவர்களுக்கு வாய்தா என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வக்கீலுக்குச் சட்டம் மறந்தால் புத்தகத்தைப் புரட்டலாம். வாய்தா மறந்தால் புரட்ட எதுவும் கிடையாது. என் சீனியர் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "கோர்ட் ஹால் வாசப்படியைத் தாண்டுறதுக்குள்ள டைரியில எழுதிடு." நானோ உள்ளங்கையிலும் சம்மன் முதுகிலும் கிறுக்கிக்கொண்டு வந்து சாயங்காலம் டைரியில் ஏற்றுகிற ஆள். ஞாபகசக்தி மேல் அவ்வளவு கர்வம்.

ஒரு விதவை அம்மா. ஒன்றரை ஏக்கர் நிலம். வயலுக்குப் போகிற வண்டிப்பாதையில் அவர் நடக்கவே கூடாது என்று பக்கத்து நிலத்துக்காரர் வழக்குப் போட்டிருந்தார். வாய்தா சொல்லும்போது மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பென்ச் கிளார்க் சொன்னது நவம்பர் ஏழு. நான் அன்று சப் கோர்ட்டுக்கும் ஓட வேண்டியிருந்த அவசரத்தில், சாயங்காலம் எழுதியது நவம்பர் பதினேழு.

ஏழாம் தேதி டவாலி மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார். எங்கள் தரப்பில் யாருமில்லை. எக்ஸ்பார்ட்டி. பதினாலாம் தேதி வாதி கூண்டேறிச் சாட்சியம் சொல்ல, அன்றே தீர்ப்பும் ஆகிவிட்டது. பதினேழாம் தேதி காலையில் நான் கட்டோடு போய் நின்றபோது பென்ச் கிளார்க் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அந்த அம்மாவும் என்னோடு வந்திருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "டைரியில எழுதி வச்சிருந்தீங்களேங்கய்யா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்ய 30 நாளுக்குள் மனுப் போடலாம். நண்பர்கள் எல்லாம், "கட்சிக்காரருக்கு மஞ்சள் காமாலைன்னு எழுதிடுப்பா" என்றார்கள். எங்கள் தொழிலில் எக்ஸ்பார்ட்டி ஆன பாதிப் பேருக்கு மஞ்சள் காமாலைதான்! நான் என் பெயரிலேயே பிரமாணப் பத்திரம் போட்டு, தேதியைத் தவறாக எழுதினேன் என்று உள்ளதைச் சொன்னேன். எதிர்த் தரப்பு ஆட்சேபித்து, விசாரணை இழுத்து, மார்ச்சில்தான் 150 ரூபாய் செலவுத்தொகையோடு மனு அனுமதியானது. பணத்தை நான் கட்டினேன். ஆனால் தை மாதம் அறுவடை யாருக்காகவும் காத்திருக்குமா? பாதையில் முள்வேலி. நெல் கட்டுகளை ஏரிக்கரையைச் சுற்றித் தலைச்சுமையாகத்தான் கொண்டுவந்தார்கள். அந்தக் கூலியையும் தருகிறேன் என்றேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் என் ஆபீசில் ஒரு வழக்கம் வந்தது. அடுத்த தேதியை என் டைரியில், குமாஸ்தா டைரியில், கட்டின் மேலட்டையில் என மூன்று இடத்தில் எழுதாமல் எந்தக் கட்டும் பீரோவுக்குள் போகாது. தேதியை எண்ணில் மட்டும் எழுதாமல் எழுத்திலும் கிழமையோடும் எழுத வேண்டும். கிழமை எழுதியிருந்தால் அன்றே மாட்டியிருப்பேன்; ஏழு வெள்ளி, பதினேழு திங்கள். அப்பீல் கெடு இருந்தால் பத்து நாள் முன்னதாகவே சிவப்பு மையில் ஒரு குறிப்பு. தீர்ப்பான அன்றே நகல் மனு. சாயங்காலம் ஆறு மணிக்கு நானும் குமாஸ்தாவும் இரண்டு டைரிகளையும் எதிரெதிரே வைத்து வாசித்துச் சரிபார்ப்போம். அரை மணி ஆகும். அந்த அரை மணியில் கட்சிக்காரர் யார் வந்தாலும் வெளியே பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

இப்போது என் ஜூனியராக இருந்த பெண் செல்போனில் சி.என்.ஆர். நம்பரைத் தட்டினால் அடுத்த தேதி வந்து நிற்கிறது. நல்ல வசதிதான். இருந்தாலும் அவள் கைப்பையில் ஒரு டைரியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வேன்.

அந்த வழக்கு 1989-இல் எங்களுக்குச் சாதகமாக முடிந்தது. அந்த அம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஆபீசுக்கு வந்தார். கிளம்பும்போது, "இனிமே வாய்தா கிடையாதுங்களே அய்யா?" என்றார்.

"அவங்க அப்பீல் போட இன்னும் முப்பது நாள் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு டைரியைத் திறந்தேன். நான் எழுதி முடிக்கும்வரை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.