நம் வீட்டுக்கும் ஒரு படம்

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய ஆல்பத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அதில் கல்யாணப் படம் இருக்கும். காதுகுத்துப் படம் இருக்கும். கோயில் திருவிழாப் படமும் இருக்கும். நீங்கள் பிறந்த லயத்து வீட்டின் படம் இருக்கிறதா? வீட்டு வாசலில் நிற்கும் மனிதர்களின் படத்தைக் கேட்கவில்லை. வீட்டின் படத்தைத்தான் கேட்கிறேன்.

என்னிடம் இல்லை. இல்லாமல் போனதற்குக் காரணமும் நான்தான். சொல்ல வெட்கமாக இருந்தாலும், உங்களில் நாலு பேருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

நான் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை. பெட்டாலிங் ஜெயாவில் குடியிருக்கிறேன். ஆளில்லாமல் கிடக்கும் பழைய கட்டடங்களைத் தேடிப் போய்ப் படமெடுப்பது என் பொழுதுபோக்கு. "எல்லாரும் பூவைப் படம் புடிக்கிறாங்க, நீ பாசியைப் போய்ப் புடிக்கிறியே" என்று என் கணவர் கேலி செய்வார்.

இந்த ஆசை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்தபோது வந்தது. ஒரு விடுமுறையில் தோழிகளுடன் பேராக்கில் பத்து காஜாவுக்கு அருகே உள்ள கெல்லி மாளிகையைப் பார்க்கப் போனேன். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890-இல், தம் இருபதாவது வயதில் மலாயாவுக்கு வந்தார். காட்டை அழித்து ரப்பர் தோட்டம் போட்டுப் பெரிய துரையானார். 1915-இல் தமக்கென்று ஒரு மாளிகை கட்டத் தொடங்கினார். செங்கல்லும் ஓடும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. கட்டுவதற்குச் சென்னையிலிருந்து எழுபது கைவினைஞர்களை வரவழைத்தார் என்று சொல்கிறார்கள். ஆறு மாடிக் கோபுரத்தில் மின்தூக்கிக்குக்கூட வழி விட்டிருந்தார். ஆனால் 1918-இல் உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சல் இங்கும் பரவித் தொழிலாளர் பலரைக் கொண்டு போயிற்று. வேலை தடைப்பட்டது. 1926 டிசம்பரில் துரை போர்த்துகலின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தார். அவர் மனைவி எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போய்விட்டார். மாளிகை அரைகுறையாகவே நின்றுவிட்டது.

முதன்முதலாக வாங்கிய சிறிய காமிரா என் கையில் இருந்தது. முப்பத்தாறு படம் எடுக்கும் சுருள் ஒன்று. அதில் முப்பதை அந்த மாளிகைக்கே செலவழித்தேன். வளைவுகள், வெறும் ஜன்னல்கள், செங்கல் சுவரில் விழுந்த வெயில் என்று ஒன்றையும் விடவில்லை.

பிறகு பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். தொழிலாளர்கள் நோயில் மடிந்தபோது, அவர்கள் கேட்டுக்கொண்டபடி துரை கட்டிக் கொடுத்த கோயில் என்பது அங்கு வழங்கும் செய்தி. அண்ணாந்து பார்த்தால், கோயிலின் மேலே தெய்வச் சிலைகளுக்கு நடுவே தொப்பி போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் நிற்கிறார்! நம் மக்கள் தங்கள் துரையைச் சாமிகளோடு சேர்த்து நிற்க வைத்துவிட்டார்கள். எல்லாரும் பார்த்துச் சிரித்தோம். மீதி ஆறு படங்களில் ஒன்று அந்தத் துரை சிலைக்குப் போயிற்று. அந்த மாளிகைக்குக் கல் சுமந்தவர்கள் குடியிருந்த லயம் எங்கே என்று அன்று நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

படங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எங்கள் வீடு கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தது. தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டாம். அப்பாவும் அம்மாவும் அங்கே மரம் வெட்டியவர்கள். அந்தச் சமயம் தோட்டம் விற்கப்பட்டு, எல்லாரும் வெளியேற வேண்டும் என்று சொல்லியாகிவிட்டது. பாதி லயம் காலியாகக் கிடந்தது. அப்பா என் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் மெல்லக் கேட்டார்.

"ஏம்மா, சும்மா கெடக்கற வீட்டயே இத்தன படம் புடிச்சிருக்க. நாம இருக்கற வீட்ட ஒரு படம் புடிச்சிக் குடேன்."

"இதுல புடிக்க என்னப்பா இருக்கு? நாலு பலகையும் தகரமுந்தான்" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. அவர் அந்த வீட்டில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர். நாலு பலகை என்று நான் சொன்னது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? அன்று அது எனக்கு உறைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், நகரத்துத் தோழிகளிடம் அந்த வீட்டைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த ஆண்டு லயம் இடிக்கப்பட்டது. இன்று அங்கே மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அப்பாவும் இல்லை.

வாசகர்களே, இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல. நான் இப்போது வாழும் பெட்டாலிங் ஜெயாவே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். எஃபிங்ஹாம் தோட்டத்து மண்ணில், 1950-களின் தொடக்கத்தில் உருவாகத் தொடங்கிய ஊர் இது. 2006-இல் மாநகராகவும் ஆகிவிட்டது. பண்டார் உத்தாமாவில் எஃபிங்ஹாம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. தோட்டம் போன பிறகும் அதன் பெயரைத் தாங்கி நிற்பது பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம்தான். ரப்பரை ஒரு மரம்கூடப் பார்த்திராத பிள்ளைகளும் சட்டையில் அந்தத் தோட்டத்தின் பெயரோடு நடக்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் போனவர்களுக்கு 'நூறு குவார்ட்டர்ஸ்' நினைவிருக்கும். ரயில்வே ஊழியர்களுக்காக 1900-களின் தொடக்கத்தில் கட்டிய வரிசை வீடுகள். நம்மவர்கள் எத்தனையோ பேர் அங்கே பிறந்து வளர்ந்தார்கள். இன்று அந்த இடத்தில் அவை இல்லை. 1895-இல் கட்டி முடிக்கப்பட்டு 1996-இல் மூடப்பட்ட புடு சிறைச்சாலை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் நீண்ட மதிலில் கைதிகளே மலையும் மரமுமாக ஓவியம் தீட்டியிருந்தார்கள். 2010 ஜூன் 21-ஆம் தேதி இரவு அந்த மதிலை இடித்தார்கள். பழைய நுழைவாயிலை மட்டும் நிற்க விட்டிருக்கிறார்கள்.

படமெடுத்தால் கட்டடம் பிழைத்துவிடுமா என்று கேட்பீர்கள். பிழைக்காது. ஜாலான் அம்பாங்கில் 1929-இல் கட்டிய போக் ஹவுஸ் மாளிகையை எத்தனையோ பேர் படமெடுத்தார்கள். தேசிய மரபுடைமைச் சட்டம் 2005-இல் வந்தும், 2006 டிசம்பரில் அது இடிந்தது. பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தா ஆசிரமத்தின் இடத்தில் அடுக்குமாடி எழுப்பும் பேச்சு 2014-இல் வந்தபோது மக்கள் திரண்டு குரல் கொடுத்தார்கள். அதனால்தான் அந்தக் கட்டடம் நின்றது. கட்டடத்தைக் காப்பது மக்கள் குரல். அது போன பிறகு நினைவைக் காப்பதுதான் படத்தின் வேலை. அந்த வேலை சிறியதல்ல என்பதை ஒரு கதவு எனக்குக் கற்றுக் கொடுத்தது.

அப்பா போன பிறகு ஒரு நாள் எங்கள் வீட்டில் ஒரு வாக்குவாதம். லயத்து வீட்டுக் கதவு பச்சை என்றார் அம்மா. நீலம் என்றார் அக்கா. இருவரும் விட்டுக் கொடுக்கவில்லை. சாட்சிக்கு ஒரு படம் இல்லை. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. பழைய தோட்டத்துக் குடும்பங்கள் கிள்ளானிலும் காப்பாரிலும் ஷா ஆலாமிலும் சிதறிக் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு வீடாகப் போய் ஆல்பங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மனிதர்களைப் பார்க்காமல், அவர்களுக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்தேன். மாப்பிள்ளைக்குப் பின்னால் பொதுக்குழாய் தெரிந்தது. பெரிய மனுஷியான பெண்ணுக்குப் பின்னால் ஆயாக் கொட்டகை தெரிந்தது. ஒரு கிரிக்கெட் மட்டைக்குப் பின்னால் பெரட்டுக்களம் தெரிந்தது. இப்படித் துண்டு துண்டாக எங்கள் தோட்டம் திரும்பி வந்தது.

ஆறாவது வீட்டில், ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் படத்தில், பின்னால் எங்கள் வீட்டுக் கதவு பாதி தெரிந்தது. மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி பச்சை!

கைத்தொலைபேசியில் அதை நகலெடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஆமாண்டி, அந்தத் தீபாவளிக்கு நீலச் சாயம் பத்தாமப் போச்சி. கிராணி வீட்டுல மிச்சமிருந்த பச்சைய ஒங்கப்பா வாங்கியாந்து அடிச்சாரு. விடிஞ்சா தீபாவளி, ராத்திரி பூரா அடிச்சாரு" என்றார். அதுவரை அம்மா சொல்லியே இராத கதை அது. ஒரு பாதிக் கதவு ஒரு ராத்திரியைத் திருப்பிக் கொடுத்தது. முழு வீட்டின் படம் இருந்திருந்தால் என்னவெல்லாம் வந்திருக்குமோ! அப்பா கேட்டது அதைத்தான்.

ஆகவே வாசகர்களே, உங்கள் லயம் இன்னும் நிற்கிறது என்றால் இந்த வாரமே எடுங்கள். காலை எட்டு மணி வெயில் நல்லது. வீட்டின் நான்கு பக்கத்தையும் எடுங்கள். கதவு எண், அடுப்படி, குழாயடி, கோயில் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுங்கள். ஒரு படத்திலாவது வாசலில் ஒருவரை நிற்க வையுங்கள். வீட்டின் உயரம் அப்போதுதான் தெரியும். உள்ளே எடுக்கும்போது ஜன்னலை நோக்காமல், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று எடுங்கள். தொலைபேசியில் எடுத்ததை அங்கேயே விட்டுவிடாமல், தாளில் போட்டுப் பின்புறம் பென்சிலால் இடம், ஆண்டு, பெயர்களை எழுதி வையுங்கள். தொலைபேசி தொலையும்; ஆல்பம் அலமாரியில் இருக்கும்.

ஆளில்லாத கட்டடம் என்றால் கவனம் வேண்டும். உரியவரிடம் அனுமதி கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். உளுத்த பலகையிலும் மரப்படியிலும் கால் வைக்காதீர்கள். பாம்பும் குளவியும் நமக்கு முன்பே குடியேறியிருக்கும். அங்கிருந்து ஓர் ஆணியைக்கூட எடுத்து வராதீர்கள்.

லயம் போய்விட்டதென்றால் ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு பெரியவர்களின் பக்கத்தில் உட்காருங்கள். "இதுக்குப் பின்னால தெரியறது என்ன?" என்று கேளுங்கள்.

கெல்லி துரையின் மாளிகையைப் பார்க்க இன்றும் ஆட்கள் கட்டணம் கொடுத்துப் போகிறார்கள். அதைப் படமெடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் லயத்தைப் படமெடுக்க நம்மைத் தவிர யார் வரப்போகிறார்கள்? உங்கள் வீட்டில் யாராவது, "நம்ம வீட்ட ஒரு படம் புடிச்சிக் குடேன்" என்று கேட்டால், நான் சொன்ன பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.